அந்தோனியார் கொடுத்த சுறுசுறுப்பு

ஒரு பெண்பிள்ளை கொஞ்சம் வேகமாக இருந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு ஆள் பார்த்துச் சொல் வைத்திருப்பார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தால் துருதுருவென்று இருக்கிறாள் என்பார்கள். குமரியாகிவிட்டால் அதே துருதுருப்புக்கு ஆட்டம் என்று பேர். கட்டிக்கொடுத்த வீட்டில் அந்த வேகத்தை வேலையில் காட்டினால் சுறுசுறுப்பு, பேச்சில் காட்டினால் குதிக்கிறாள். ஆம்பிளை அதையே செய்தால் துடியான ஆள் என்று தோளில் தட்டுவார்கள். நான் தையல்காரன். ஒரே துணியை ஆளுக்கு ஆள் வெட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் சொல்லை இப்படி வெட்டுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

என் அக்கா நேசராணிக்கு இந்தச் சொல் எதுவும் ஒட்டியதில்லை. அவளுக்கு ஊர் வைத்திருந்த பேர் அசமந்தம். காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்துக்கு அவள்தான் கடைசியாக வந்து சேர்வாள். கொழுந்து எடுக்கும்போது, எதைக் கிள்ளலாம் என்று செடியிடமே கேட்டுவிட்டுக் கிள்ளுவது போல நிற்பாள். அவள் தன் நிரையை முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த நிரையில் பாதி போயிருப்பார்கள். இராசையா கங்காணி அவள் பேரைச் சொல்லிக் கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டார் என்று நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் கேலி பேசுவார்கள். அக்கா கோபப்பட மாட்டாள். கோபம் வரவும் அவளுக்கு நேரம் பிடிக்கும்.

அவளைக் கட்டியவர் லூக்காஸ் மச்சான். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. நல்ல மனுஷன், ஆனால் தாய் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டார். அந்தத் தாய் அந்தோனியம்மா இருக்கிறாரே, அவர் இருக்கும் இடத்தில் விளக்குமாறுகூடச் சும்மா சாய்ந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு மருமகள் வாய்த்தால் என்ன ஆகும்? "ஒரு தேத்தண்ணி ஊத்தச் சொன்னா அடுத்த பொங்கலுக்குத்தான் கொண்டாருவா" என்று எங்கள் அம்மாவிடமே வந்து சொல்லுவார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் அந்தோனியாரிடமே போனார்.

எங்கள் தோட்டத்துச் சின்னக் கோயிலில் புனித அந்தோனியார் சுரூபம் ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமில்லாமல் சனம் மெழுகுதிரி கொளுத்தும். கேட்டது கிடைத்தால் ஜூன் மாதத் திருவிழாவில் ரொட்டி பங்கிடுவதாக நேர்ந்துகொள்வது வழக்கம். மருமகளின் கைக்கும் காலுக்கும் வேகம் கொடுத்தால் லயம் முழுவதற்கும் ரொட்டி கொடுக்கிறேன் என்று அந்தோனியம்மா முழங்காலில் நின்று நேர்ந்தார். அக்கா பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவர் நேர்ந்தது எழுபத்து நாலாம் ஆண்டுத் தொடக்கத்தில். அது என்ன வருஷம் என்று எங்கள் மலைநாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அரிசியைக் கண்ணால் காண்பதே அரிது, மாவும் அப்படித்தான். லுணுகலை டவுன் பேக்கரியில் பாணுக்கு விடியுமுன்பே வரிசை நிற்கும். மரவள்ளிக் கிழங்கும் காட்டுக் கீரையும் இல்லாவிட்டால் எங்கள் சனம் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அப்படிப்பட்ட வருஷத்தில் லயத்துக்கே ரொட்டி நேர்ந்த அந்தோனியம்மாவின் தைரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

தவக்காலம் தொடங்கிய சமயத்தில் அக்கா மாறினாள். விடியுமுன் எழுந்து பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, தன் வாசலோடு நிற்காமல் பக்கத்து வீட்டுக் காம்பரா வாசலையும் பெருக்கினாள். பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நின்றாள். மலையில் அவள் கை போவது தெரியவில்லை, கூடை நிறைவதுதான் தெரிந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை தராசில் ஏதோ கோளாறு என்று நினைத்து அதைத் தட்டிப் பார்த்தாராம்.

"பம்பரமாச் சுத்துதுடி நேசராணி! பாத்துப் பழகுங்கடி!" என்று இராசையா கங்காணி மலை முழுக்கக் கேட்கக் கத்தினார். அதே தொண்டைதான்.

அந்தோனியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "கேட்டேன், குடுத்துட்டாரு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். எங்கள் அம்மாவுக்கும் சந்தோஷம். எனக்கும்தான். அக்காவை ஒருவரும் ஏசாத வருஷம் ஒன்று வந்ததே என்று நான் நிம்மதிப்பட்டேன்.

ஆனால் அந்த வேகம் நிற்கவில்லை. வேலை முடிந்து வந்த பிறகும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் ஆடியது. சொல்லிக்கொண்டிருக்கும் பேச்சை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினாள். காரணமில்லாமல் சிரித்தாள், சிரித்த கையோடு அழுதாள். கிழங்கு அவித்து இறக்குமுன்பே சட்டியில் கை வைத்தாள். பஞ்ச காலத்தில் ஒரு மருமகள் அப்படிச் சாப்பிட்டால் சும்மா விடுவார்களா? "வேலைக்கும் பறக்குறா, சோத்துக்கும் பறக்குறா" என்று பக்கத்துக் காம்பரா அங்கம்மா என் காதுபடவே சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் கங்காணியோடு சேர்ந்து அதே வாயும்தான் பம்பரம் என்று சொன்னது.

அவ்வளவு தின்றும் அவள் மெலிந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை. அந்த வருஷம் நாங்கள் எல்லோருமே மெலிந்துதான் இருந்தோம்.

மே மாதக் கடைசியில் துரைமார் சேர்ந்து கொழுந்து எடுக்கும் போட்டி வைத்தார்கள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பக்கத்திலிருந்துகூட ஆள் வருவதாகப் பேச்சு. பரிசு ஒரு சேலையும் ஒரு மூட்டை மாவும். கங்காணி வேறு பேரையே யோசிக்கவில்லை. அந்தோனியம்மாவும் மாவைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை. திருவிழாவுக்கு ரொட்டி சுட மாவு எங்கே என்று தவித்துக்கொண்டிருந்தவர் அவர். வேகத்தைக் கொடுத்த அந்தோனியார் ரொட்டிக்கு மாவையும் அந்த வேகத்தாலேயே கொடுக்கப்போகிறார் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

நான் அப்போது லுணுகலையில் ஸரூக் நானாவின் புடவைக் கடை வாசலில் மெசின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அக்காவுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது என் வழக்கம். அவள் அளவு எனக்கு மனப்பாடம். குளிருக்கு அடக்கமாகக் கழுத்தை மூடித் தைக்க வேண்டும், மேல் கொக்கி தொண்டைக் குழியில் வர வேண்டும். போட்டிக்கும் அதையே போடட்டும் என்று முன்கூட்டியே தைத்துக்கொண்டு, போட்டிக்கு முதல் நாள் பகலில் லயத்துக்குப் போனேன்.

அக்கா போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தோள் வழிந்தது. கை தொளதொளவென்று தொங்கியது. இடுப்பில் என் முழங்கையே நுழையும் போலிருந்தது. நான் அளவில் தவறிவிட்டேனோ என்று வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு மேல் கொக்கியை மாட்டப் போனேன். அது எட்டவில்லை. இழுத்துப் பார்த்தேன், எட்டவேயில்லை. உடம்பெல்லாம் பெரிதாகிப்போன ஜாக்கெட் கழுத்தில் மட்டும் சின்னதாக இருந்தது.

என் கை அவள் கழுத்தில் பட்டது. தொண்டைக்குக் கீழே மெத்தென்று ஒரு வீக்கம். அதற்குள் ஏதோ அடித்துக்கொண்டிருந்தது. வெளியே குளிர்ந்த கச்சான் காற்று வீசிக்கொண்டிருக்க, அவள் நெற்றி வேர்த்திருந்தது. அப்போதுதான் அவள் கண்ணைச் சரியாகப் பார்த்தேன். பயந்துபோன ஆளின் கண் போல முன்னுக்கு வந்திருந்தது.

"என்னாக்கா இது?"

"ஒண்ணுமில்லடா. நெஞ்சுக்குள்ள ஒன் மெசின் ஓடுற மாதிரி இருக்கு. நிறுத்தத்தான் தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தோட்டத்து மருந்துக்காரரிடம் காட்டவில்லையா என்று கேட்டேன். காட்டினாளாம். பஞ்சத்து வீக்கம் என்று சொல்லி டொனிக் கொடுத்தாராம். நான் ஜாக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு, கொக்கி வைத்துத் தருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு லுணுகலைக்கு இறங்கினேன்.

கடைக்குப் பின்னால்தான் ஸரூக் நானாவின் வீடு. அவர் மனைவி ரஹ்மத்தும்மாவை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் பேச்சில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கதவோரம் நின்று விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"கை நடுங்குதா?"

"ஆமாங்க ராத்தா."

"கழுத்துல வீக்கம், கண்ணு முன்னுக்கு, நல்லாத் திண்டும் மெலிவு. எண்ட தங்கச்சி ஸுபைராவுக்கு இதுதான் வந்த. வேல வேலண்டு பறந்துகொண்டே இருந்த. நாங்க என்னமோ நல்ல கெட்டிக்காரியாகிட்டா எண்டு நெனச்ச. பொறகு பதுள ஆஸ்பத்திரியில டொக்டர் ஏசின ஏச்சு! நெஞ்சு தாங்காதாம். ஓட வைக்கப்படாது, பாரம் தூக்க வைக்கப்படாது எண்டு சொன்ன."

"நாளைக்குப் போட்டி, ராத்தா."

"போட்டியும் வேணாம் ஒண்டும் வேணாம். மவுத்தாப் போயிருவா. இப்பவே போய்ச் சொல்லுங்க!"

மறுபடி மேட்டில் ஏறினேன். வழியெல்லாம் அவர் சொன்ன மவுத்து, அந்தச் சாவு என்ற ஒரே சொல் காதில் நின்றது. லயத்துக்குப் போனபோது அந்தோனியம்மா ரொட்டிக் கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கங்காணி வாசலில் நின்று அக்காவுக்கு எந்த நிரை கேட்டு வாங்குவது என்று லூக்காஸ் மச்சானோடு பேசிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன்.

கங்காணிக்கு முகம் சுண்டியது. "மெதுவா இருந்தா அசமந்தம்ங்குறீங்க, வேகமா இருந்தா நோயிங்குறீங்க. அப்ப மனுசன் எப்பிடித்தான்டா இருக்கிறது?" என்றார்.

அந்தோனியம்மா கல்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அந்தோனியாரு குடுத்தத நோயிங்குறியா? வாயக் கழுவுடா, அற்புதராஜ். ஒங்கக்கா நாலு பேரு மெச்ச நடக்குறது ஒனக்குப் பொறுக்கலியா?"

"அத்தே, கழுத்தத் தொட்டுப் பாருங்க."

"நான் எதுக்குத் தொடணும்? அந்தோனியாரு செஞ்ச புதுமையச் சோதிக்கக் கூடாது."

வேறு எதைச் சொன்னாலும் வாதாடலாம். நான் சொல்வதை அவர் ஒப்புக்கொண்டால், முழங்காலில் நின்று அவர் கேட்டு வாங்கியது ஒரு வியாதி என்று ஆகிவிடும். எந்தத் தாய்தான் அதை ஒப்புக்கொள்வாள்? லூக்காஸ் மச்சான் என்னையும் தாயையும் மாறிமாறிப் பார்த்தார். "போட்டி முடியட்டும் மச்சான். திங்கக்கெழம பதுளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

கடைசியாக அக்காவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பாத்திரம் கழுவினாள், துணியை மடித்தாள், மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தாள்.

"நாளைக்கு மட்டுந்தான்டா தம்பி. என்னைய எதுக்காச்சும் முன்னால நிறுத்தியிருக்காங்களா? ஒரே ஒரு தடவ ஜெயிச்சுக்கிறேன்."

போட்டி நடந்த மலைக்கு நான் காலையிலேயே போய் ரோட்டோரத்தில் நின்றேன். பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடையை மாட்டி, நிரை நிரையாக நின்றார்கள். விசில் ஊதியதும் அக்கா பாய்ந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இரண்டு கையும் செடிமேல் நிற்கவேயில்லை. சனம் கைதட்டியது. "பறக்குறா! பறக்குறா!" என்று யாரோ கூவினார்கள். அந்தச் சொல் ஒவ்வொரு முறை விழும்போதும் எனக்கு நெஞ்சில் குத்தியது. நில் அக்கா, நில் அக்கா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நிரையின் முடிவுக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில்கூட ஒருவரும் இல்லை.

நிரை முடிந்த இடத்தில் அவள் முழங்காலில் விழுந்தாள்.

கூட்டம் ஆரவாரித்தது. முழங்காலில் நின்று நன்றி சொல்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மேலே நின்ற அந்தோனியம்மா "அந்தோனியாரே!" என்று கூவி, தானும் முழங்காலில் விழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் முழங்காலிட்டார்கள். நான் மட்டும் ஓடினேன். செடி காலைக் கிழித்தது தெரியவில்லை. கிட்டப் போனபோது அக்கா கூடையோடு பக்கவாட்டில் சரிந்திருந்தாள். கண் திறந்திருந்தது. உதடு நீலமாக இருந்தது. நெஞ்சு துடித்த துடிப்பில் போட்டிருந்த பழைய ஜாக்கெட் ஆடிக்கொண்டிருந்தது. கொழுந்தெல்லாம் அவள்மேல் கொட்டிக் கிடந்தது.

"கும்பிடலடா பாவிகளா! விழுந்துட்டா!" என்று கத்தினேன்.

அதன்பிறகு ஓடிவந்ததில் முதல் ஆள் இராசையா கங்காணிதான். அதைச் சொல்லத்தான் வேண்டும். துரை என்ன சொல்வாரோ என்று பார்க்கவில்லை, கொழுந்து லொறியை மறித்து, ஏற்றியிருந்த சாக்குகளைத் தானே கீழே தள்ளினார். லூக்காஸ் மச்சான் அக்காவைத் தூக்கிக்கொண்டு ஏறினார். லுணுகலையில் நிறுத்தாமல் பசறை வழியாக லொறி பறந்தது. ஒவ்வொரு வளைவிலும் மச்சான் அவள் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அடுத்த வளைவு வரைக்கும் எனக்கு அது போதும். அந்த ரோட்டில் வளைவுகளுக்குக் குறைவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். டொக்டர் வெளியே வந்து சிங்களத்தில் சொன்னதை மச்சான் எனக்குத் தமிழில் சொன்னார். கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது அளவுக்கு மேல் வேலை செய்து உடம்பு முழுவதையும் விரட்டுகிறதாம். நெஞ்சு களைத்துவிட்டது, இன்னும் கொஞ்சம் விரட்டியிருந்தால் நின்றிருக்கும். மருந்தில் அடங்கிய பிறகு கழுத்தில் வெட்ட வேண்டும். பிழைப்பாளா என்று மச்சான் கேட்டதற்கு, இப்போது சொல்ல முடியாது என்றாராம். மச்சான் இதைச் சொல்லி முடிக்கும்போது தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அந்தோனியம்மா வந்தார். கட்டிலருகில் நின்று அக்காவின் கழுத்தைத் தொட்டார். நான் தொடச் சொன்ன அதே இடத்தில். தொட்ட கையை எடுக்கவில்லை.

"கேட்டது நாந்தான்டா, அற்புதராஜ்" என்றார். "அவரு அள்ளிக் குடுத்துட்டாரு. அளவாக் குடுங்கன்னு கேக்க எனக்குத் தெரியல."

அந்த அம்மாமேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. வெளியே வந்து அவர் ஆஸ்பத்திரி மரத்தடியில் முழங்காலிட்டார். என்ன நேர்ந்தார் என்று நான் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. வாய்விட்டுத்தான் நேர்ந்தார், என் காதில் விழுந்தது. அந்தோனியாரே, என் மருமகளைப் பழையபடி அசமந்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடும், நான் ரொட்டி சுடுகிறேன்.

அந்த வருஷத் திருவிழாவில் ரொட்டி இல்லை. அக்கா பல மாதம் மருந்தில் கிடந்தாள், பிறகு கழுத்தில் வெட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் இனி முடிந்தது என்று நாங்கள் பயந்தோம். கொஞ்சங்கொஞ்சமாக நடுக்கம் அடங்கியது. ஒரு நாள் அவள் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்து, ஆற்றி, ஆற்றி, கடைசியில் குடித்து முடிக்கும்வரை அந்தோனியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஜூனில் மறுபடி ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டு போனேன். ரொட்டி வாசம் லயம் முழுக்க அடித்தது. மாவு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ரஹ்மத்தும்மா ராத்தா ஒரு சாக்கு கொடுத்தனுப்பினாராம். அக்கா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். தோள் உட்கார்ந்தது, இடுப்பு உட்கார்ந்தது. மேல் கொக்கி தழும்புக்கு மேல் சரியாக மாட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னைய எல்லாரும் நல்லபடியாச் சொன்னது அந்தக் கொஞ்ச நாள்தான், இல்லடா தம்பி?" என்றாள் அக்கா, ஒவ்வொரு சொல்லாக. "அதும் என்னையச் சொல்லல. நோயத்தான் சொல்லியிருக்காங்க."

அவள் அதை வருத்தமாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. படங்கை எடுத்து இடுப்பில் சுற்றத் தொடங்கினாள். திருவிழா என்றாலும் அன்று காலை அரை நாள் மலை வேலை உண்டு. கீழே பெரட்டுக் களத்தில் ஆளெல்லாம் சேர்ந்துவிட்டார்கள். அக்கா இன்னும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய் நேசராணி! அசமந்தம்! வர்றியா, இல்ல நாளைக்கு வர்றியா?" கீழேயிருந்து இராசையா கங்காணியின் குரல் வந்தது.

உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அந்தோனியம்மா மாவுக் கையோடு வெளியே பாய்ந்தார். வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"மெதுவாத்தான் வருவா, கங்காணி! நேந்து வாங்குன அசமந்தம்!"